கப்பலின் நேரம் தெரிந்த பிறகு கட்டணம் பேசலாம்

கேள்வி: நான் தூத்துக்குடியைச் சேர்ந்தவள். வயது 24. பி.காம். முடித்துவிட்டு ஒன்றரை ஆண்டாக ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் நிலக்கரிக் கப்பல்களுக்கான காகித வேலைதான். சிங்கப்பூரில் ஃபிரெய்ட் டிரேடர், அதாவது கப்பல் சரக்குக் கட்டணத்தில் வணிகம் செய்பவர், ஆக வேண்டும் என்பது என் ஆசை. ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் ஆறு மாதப் படிப்புக்கு நான்கு லட்சம் ரூபாய் கேட்கிறது. முடித்ததும் வெளிநாட்டு வேலை நிச்சயம் என்கிறார்கள். எனக்குக் கடலில் போன அனுபவம் இல்லை, கணக்கும் சுமார்தான். பெண்களுக்கு இந்தத் துறை சரிப்படாது என்று வீட்டில் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு அந்தப் படிப்பில் சேரலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அந்தப் படிப்பில் சேர வேண்டாம். வேலையையும் விட வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். நான்கு லட்சம் ரூபாய் என்பது உங்கள் வீட்டில் யாரோ வருடக்கணக்கில் சேர்த்த பணமாகவோ, இனிமேல் வாங்கப்போகும் கடனாகவோதான் இருக்கும்.

முதலில் சிங்கப்பூர். இங்கே வெளிநாட்டவருக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் பெறுவதற்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஜனவரி முதல் 5,600 சிங்கப்பூர் டாலர். வயது கூடினால் இந்தத் தொகையும் கூடும். படிப்பு, சம்பளம், அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே எந்தெந்த நாட்டவர் வேலை செய்கிறார்கள் என்பதையெல்லாம் பார்த்துப் புள்ளி போடும் முறையும் 2023 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதச் சான்றிதழோடு வரும் புதியவர் ஒருவருக்காக எந்த நிறுவனமும் இத்தனை படிகளை ஏறாது. நாலைந்து ஆண்டுகள் கப்பல்களை நடத்திக் காட்டிய ஒருவருக்காக ஏறும். பயிற்சி நிறுவனத்தாரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: எந்த நாட்டில், எந்த நிறுவனத்தில், என்ன வேலை, கிடைக்காவிட்டால் பணம் எப்போது திரும்ப வரும் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருவார்களா? தரமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அடுத்து, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பார்ப்போம். நம் ஊரில் 'ஷிப்பிங் கம்பெனி' என்ற பலகைக்குப் பின்னால் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. ஒன்று கன்டெய்னரில் இடம் பிடிப்பது, சுங்க அனுமதி வாங்குவது, லாரி ஏற்பாடு செய்வது. மரியாதையான, நல்ல தொழில். ஆனால் அங்கிருந்து ஃபிரெய்ட் டிரேடிங்குக்குப் போகும் வழி சுற்றுவழி. இன்னொன்று, ஒரு முழுக் கப்பலையே ஒரு பயணத்துக்கோ சில மாதங்களுக்கோ வாடகைக்கு எடுத்து நிலக்கரி, இரும்புத் தாது, தானியம், உரம் போன்றவற்றை மொத்தமாக ஏற்றிச் செல்வது. நீங்கள் போக விரும்புவது இந்த இரண்டாவது உலகத்துக்கு. அதன் வாசலில்தான் ஒன்றரை ஆண்டாக உட்கார்ந்திருக்கிறீர்கள். நிலக்கரிக் கப்பலின் ஏஜென்சி மேசையைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்தத் தொழிலுக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

ஃபிரெய்ட் டிரேடர் செய்வது என்ன? கப்பல் உரிமையாளரிடமிருந்து ஒரு நாளுக்கு இவ்வளவு டாலர் என்று கப்பலை வாடகைக்கு எடுக்கிறார். இது டைம் சார்ட்டர். எரிபொருளும் துறைமுகச் செலவும் அப்போது அவர் தலையில். பிறகு சரக்கு வைத்திருப்பவரிடம் ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று பேசி ஏற்றிச் செல்கிறார். இது வாயேஜ் சார்ட்டர். நாள் கணக்கில் கொடுத்து டன் கணக்கில் வாங்கும் இந்த இடைவெளியில்தான் அவருடைய லாபமும் நஷ்டமும். கார்கில் போன்ற பெரிய வணிக நிறுவனங்கள் இப்படித்தான் நூற்றுக்கணக்கான கப்பல்களை எப்போதும் ஓடவிட்டுக்கொண்டிருக்கின்றன. வாடகைக் கப்பலை நம்பித் தொழில் செய்வதன் ஆபத்து உங்கள் ஊருக்குப் புதிதில்லை. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி. முதலில் வாடகைக் கப்பலைத்தான் ஓட்டினார். ஆங்கிலேயர் கொடுத்த நெருக்கடியில் கப்பல்காரர் பின்வாங்கியதும் கொழும்பிலிருந்து வேறொன்றை வாடகைக்குப் பிடித்தார். காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் அதற்குப் பிறகு வந்தவை. போட்டிக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து அவரை நெருக்கிய கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். இப்போது அதை ஒரு தொழில்காரராக மறுபடியும் படித்துப் பாருங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. இந்தோனேசியாவிலிருந்து தூத்துக்குடிக்கு 55,000 டன் நிலக்கரி, டன்னுக்கு 14 டாலர். மொத்த வரவு 7,70,000 டாலர். எரிபொருள் 500 டன், டன் 600 டாலர் என்றால் செலவு 3,00,000. இரு துறைமுகங்களிலும் சேர்த்து 1,10,000. கமிஷனை இப்போதைக்கு விட்டுவிடலாம். மிச்சம் 3,60,000 டாலர். போய்வர மொத்தம் 30 நாள் என்றால் நாளுக்கு 12,000 டாலர் தேறுகிறது. கப்பலை நாளுக்கு 11,500க்கு எடுத்திருந்தால் லாபம். 12,500க்கு எடுத்திருந்தால் நஷ்டம். பார்த்தீர்களா, இதில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய கணக்கு எதுவும் இல்லை. கணக்கு சுமார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த 30 நாள் என்பதை யார் சொன்னது? இந்தோனேசியாவின் கலிமந்தான் நங்கூரப் பகுதியில், மிதவைகளிலிருந்து நிலக்கரியை அள்ளிக் கப்பலில் போடும் இடத்தில், இரண்டு நாள் மழை பெய்துவிட்டது என்று வையுங்கள். ஒப்பந்தப்படி மழை நேரம் கணக்கில் சேராது. ஆகவே அந்த இரண்டு நாளுக்கும் சரக்குக்காரர் பணம் தரமாட்டார். கப்பல்காரருக்கோ நாள் வாடகை போய்க்கொண்டே இருக்கும். 30 நாள் 32 ஆகிறது, நிற்கும் நேரத்திலும் கொஞ்சம் எரிபொருள் போகிறது. 12,000 டாலராக இருந்தது 11,100 ஆகிவிடும். லாபம் என்று நினைத்துக் கையெழுத்திட்ட பயணம் நஷ்டமாக முடியும். எந்த மாதத்தில் எந்தத் துறைமுகத்தில் எத்தனை நாள் போகும், எந்த இடத்தில் கிரேன் பழுதாகும், எங்கே மிதவைகள் நேரத்துக்கு வராது என்பது டிரேடருக்கு எங்கிருந்து தெரியும்? பக்கத்து மேசையில் கப்பலை நடத்தும் ஆப்பரேஷன்ஸ் ஆளிடமிருந்துதான். அந்த ஆளாக இருந்து மேலே வந்தவர் போடும் கணக்கையும், நேராகப் பேரம் பேச வந்து உட்கார்ந்தவர் போடும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு உடனே தெரியும். அதனால்தான் உங்களை முதலில் ஆப்பரேஷன்ஸுக்குப் போகச் சொல்கிறேன். அதை ஒரு காத்திருப்பு அறை போல நினைத்து அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

உங்கள் கையிலேயே இருக்கும் ஒரு காகிதத்தைக் காட்டுகிறேன். கப்பல் வந்து சேர்ந்ததும் கேப்டன் 'தயார்' என்று கொடுக்கும் நோட்டீஸ் ஆஃப் ரெடினஸ். அதைப் பெற்று, நேரம் குறித்து, கோப்பில் வைப்பது உங்கள் அலுவலக வேலை. ஜென்கான் என்ற பயண ஒப்பந்தப் படிவத்தின் 1994 பதிப்பில், இந்த நோட்டீஸ் பகல் 12 மணிக்குள் கொடுக்கப்பட்டால் லேடைம் அன்றே 13 மணிக்குத் தொடங்கும். 12 மணிக்குப் பிறகு அலுவலக நேரத்தில் கொடுக்கப்பட்டால் அடுத்த வேலைநாள் காலை 6 மணிக்குத் தொடங்கும். லேடைம் என்பது சரக்கை ஏற்றவும் இறக்கவும் சரக்குக்காரருக்கு அனுமதித்த நேரம். அதைத் தாண்டினால் அவர் கட்டும் தாமதப் பணம்தான் டெமரேஜ். அதற்குள் முடித்துவிட்டால் அவருக்கே ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும், பெரும்பாலும் டெமரேஜில் பாதி, அது டிஸ்பாட்ச்.

நோட்டீஸ் 11.45க்கா, 12.15க்கா என்பதில் 17 மணி நேரம் தங்கியிருக்கிறது. டெமரேஜ் நாளுக்கு 15,000 டாலர் என்றால் மணிக்கு 625. கப்பல் கடைசியில் டெமரேஜில் போய் நின்றால் அந்த அரை மணி நேரத்தின் விலை 10,625 டாலர், ஒன்பது லட்சம் ரூபாய்க்கு மேல். இடையில் ஞாயிறோ விடுமுறையோ வந்தால் இன்னும் அதிகம். கப்பல் ஒரு துறைமுகத்தில் எப்போது நங்கூரமிட்டது, கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் எப்போது ஏறினார், நிலக்கரி அள்ளும் முதல் கிராப் எத்தனை மணிக்கு இறங்கியது, மழையால் எத்தனை முறை ஹேட்ச் (சரக்கறையின் மூடி) மூடப்பட்டது என்று நீங்கள் தட்டச்சு செய்யும் ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸின் ஒவ்வொரு வரியும் இப்படித்தான். லண்டனிலோ சிங்கப்பூரிலோ யாரோ ஒருவர் அந்த வரியை வைத்துக்கொண்டு இன்னொருவரோடு மாதக்கணக்கில் வாதாடிக்கொண்டிருப்பார். 'வந்து சேர்ந்தது' என்றால் என்ன என்பதற்கே பெரிய வழக்கு நடந்திருக்கிறது. ஜோஹன்னா ஓல்டென்டார்ஃப் என்ற கப்பல் 1968 ஜனவரியில் தானியத்தோடு லிவர்பூல் பக்கம் வந்து, துறையிலிருந்து 17 மைல் தள்ளியிருந்த மெர்சி பார் நங்கூரப் பகுதியில் இடம் கிடைக்காமல் காத்துக்கிடந்தது. அந்தக் காத்திருப்புக்கு யார் பணம் கட்டுவது? துறைமுக எல்லைக்குள், கப்பல்கள் வழக்கமாகக் காத்திருக்கும் இடத்தில், சரக்குக்காரரின் ஆணைக்கு உடனே தயாராக நின்றால் அது வந்து சேர்ந்த கப்பல்தான் என்று 1973இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அடுத்த முறை உங்கள் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் நிற்பதைப் பார்க்கும்போது, அது எல்லைக்குள் நிற்கிறதா, வெளியே நிற்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள்.

ஆகவே இன்று முதல் ஒரு வேலை. அலுவலகத்தில் முடிந்த கப்பல்களின் கோப்பை, மேலதிகாரியின் அனுமதியோடு, எடுத்து லேடைம் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தின் அந்தப் பகுதி உங்களிடம் இல்லாவிட்டால் ஜென்கான் விதியை வைத்துப் போடுங்கள். ஒரே கப்பலுக்கு இருமுறை கணக்குப் போடுங்கள்: உரிமையாளருக்காக வாதாடுபவராக ஒரு முறை, சரக்குக்காரருக்காக வாதாடுபவராக இன்னொரு முறை. இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள தொகையை உங்களால் விளக்க முடிகிறதா என்று பாருங்கள். நேர்முகத் தேர்வுகளில் நான் கேட்பது இதைத்தான். கோப்பின் தகவல் எதையும் வெளியே கொண்டுபோகாதீர்கள். இந்தத் தொழிலில் ஒருமுறை நம்பிக்கை போனால் திரும்ப வாங்குவது மிகக் கடினம். கப்பல் வாடகைச் சந்தையான லண்டன் பால்டிக் எக்ஸ்சேஞ்சின் குறிக்கோள் வாசகமே 'எங்கள் சொல்லே எங்கள் பிணை' என்பதுதான். இன்றும் பல லட்சம் டாலர் பேரங்கள் ஒரு தொலைபேசி அழைப்பிலும் நாலு வரிச் செய்தியிலும் உறுதியாகின்றன. ஒப்பந்தப் பத்திரம் பிறகு சாவகாசமாகத்தான் வரும்.

ஆப்பரேஷன்ஸில் சேர்ந்தால் லேடைமைத் தவிர நிறைய வரும். எரிபொருள் எங்கே மலிவு, எங்கே நிரப்பினால் ஏற்றக்கூடிய சரக்கின் அளவு குறையாது என்று பார்க்க வேண்டும். 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் தரத்தையும் பார்க்க வேண்டும். நிலக்கரி இறக்கிய கப்பலில் அடுத்து கோதுமை ஏற்ற வேண்டுமென்றால் சரக்கறைகளைக் கழுவி, உலர்த்தி, ஆய்வாளரிடம் தேற வேண்டும். தேறாவிட்டால் நாள்கள் போகும். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, சரக்கைப் பெறும் உரிமையைக் காட்டும் பத்திரமான பில் ஆஃப் லேடிங். மூலப் பத்திரம் வந்து சேரும் முன்பே சரக்கை இறக்கித் தரச் சொல்லி ஓர் உறுதிக் கடிதம் கொடுப்பார்கள். தினமும் நடப்பதுதான். ஆனால் கடிதம் கொடுத்தவர் திவாலானால் முழுச் சரக்கின் விலையும் கப்பல்காரர் தலையில் விழும். இந்த இடத்தில் 'எல்லோரும் செய்வதுதானே' என்று கையெழுத்திடாத ஆள்தான் நல்ல ஆப்பரேஷன்ஸ் ஆள். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி வரும். பிரேசிலில் அப்போது வேலை நேரம். இதற்கு உங்கள் உடலும் வீடும் ஒத்துழைக்குமா என்று நேர்மையாக யோசியுங்கள். நான் பார்த்தவரை இந்தத் தொழிலைப் பாதியில் விட்டவர்களில் பலர் அறிவு போதாமல் விடவில்லை, இந்தத் தூக்கக் கேட்டைத் தாங்க முடியாமல்தான் விட்டார்கள்.

டிரேடிங்கின் மினுக்கம் உங்களை இழுக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். நிலக்கரி, தானியம் போன்ற உலர் சரக்குகளின் கப்பல் கட்டணங்களைக் காட்டும் பால்டிக் ட்ரை இண்டெக்ஸ் 2008 மே 20 அன்று 11,793 புள்ளிகளில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று 663. ஏழு மாதம்கூட ஆகவில்லை. உலகத்தில் கப்பல்கள் குறைந்துவிடவில்லை. வாங்குபவருக்காகப் பணம் தர உறுதி சொல்லும் லெட்டர் ஆஃப் கிரெடிட்டை வங்கிகள் தருவதை நிறுத்தியதும் சரக்கு வாங்குபவர்கள் மறைந்துவிட்டார்கள். உச்சத்தில் நீண்டகால வாடகைக்குக் கப்பல்களை எடுத்து வைத்திருந்தவர்கள் நாள்தோறும் ரத்தம் சிந்தினார்கள். வருங்காலக் கட்டணத்தை இன்றே பேசி, பிறகு குறியீட்டோடு ஒப்பிட்டுப் பணத்தால் தீர்த்துக்கொள்ளும் எஃப்.எஃப்.ஏ. ஒப்பந்தங்கள் இருக்கின்றன. இழப்பைத் தடுத்துக்கொள்ள உருவான கருவி அது. பிரிட்டானியா பல்க் என்ற நிறுவனம் அந்த ஆண்டு ஜூனில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது, அதே எஃப்.எஃப்.ஏ. நஷ்டங்களால் அக்டோபரில் விழுந்தது. 2016 பிப்ரவரியில் இண்டெக்ஸ் 290 வரை இறங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல காலத்தில் இந்தத் துறையில் சேருபவர்களுக்கு எல்லாம் எளிதாகத் தோன்றும். சந்தை சரியும்போது முதலில் அனுப்பப்படுபவர்கள் பேரம் பேச மட்டுமே தெரிந்தவர்கள். கப்பல்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் அவற்றை நடத்தத் தெரிந்தவர்களின் தேவை அவ்வளவு சீக்கிரம் தீராது.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஸ்டிடியூட் ஆஃப் சார்ட்டர்ட் ஷிப்புரோக்கர்ஸ் 1911இல் தொடங்கி 1920இல் அரச சாசனம் பெற்றது. அதன் தேர்வுகளை வேலையில் இருந்துகொண்டே தொலைவழியாகப் படித்து எழுதலாம். உலர் சரக்கு சார்ட்டரிங் (கப்பலை வாடகைக்குப் பேசுவது) பாடத்தைக் கட்டாயம் எடுங்கள். நான்கு லட்சத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிட்டால் உலகின் எந்த சார்ட்டரிங் அலுவலகமும் மதிக்கும் தகுதி கையில் இருக்கும். முழுநேரமாகப் படிக்க வசதி அமைந்தால், 2008இல் தொடங்கப்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் சென்னை உத்தண்டியில்தான் இருக்கிறது. கப்பல், போக்குவரத்து மேலாண்மையில் எம்.பி.ஏ. தருகிறார்கள். செலவில்லாமல் படிக்கவும் வழி உண்டு. பன்னாட்டுக் கப்பல் துறைச் சங்கமான பிம்கோ தன் ஒப்பந்தப் படிவங்களின் மாதிரிகளை வெளியிடுகிறது. ஜென்கானையும், டைம் சார்ட்டருக்கான என்.ஒய்.பி.இ. படிவத்தையும் வரி வரியாகப் படியுங்கள். தமிழ்நாடு அரசின் பூம்புகார் கப்பல் கழகம் 1974 முதல் இயங்குகிறது. கன்னியாகுமரிப் படகுகளை வைத்துத்தான் அதைப் பலருக்கும் தெரியும். பாரதீப், விசாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து நம் அனல் மின் நிலையங்களுக்கு எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் நிலக்கரி கொண்டுவருவதுதான் அதன் பெரிய வேலை. அதற்காகக் கப்பல்களை வாடகைக்கு எடுக்க அது விடும் டெண்டர் ஆவணங்கள் பொதுவெளியில் கிடைக்கும். அவற்றைப் படித்தால் ஒரு சார்ட்டரர் எதற்கெல்லாம் பயப்படுகிறார் என்று புரியும்.

கடலில் போகாததைப் பற்றிக் கவலை வேண்டாம். மாலுமிகளாக இருந்து வந்தவர்களுக்குக் கப்பலின் உடம்பு தெரியும், அது பெரிய பலம். ஆனால் சார்ட்டரிங் மேசைகளில் கடலையே காணாமல் வந்தவர்கள் ஏராளம். உங்கள் கப்பல் வரும்போது போர்டிங் அதிகாரியோடு மேலே ஏறிப் பாருங்கள். ஹேட்ச், கிரேன், பேலஸ்ட் என்று ஒவ்வொன்றையும் சீஃப் ஆபீசரிடம் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ஆசையாகச் சொல்லித் தருவார்கள்.

வீட்டில் சொல்வதற்கு: இந்த வேலை கணினியிலும் தொலைபேசியிலும் நடப்பது. சிங்கப்பூரில் என்னைச் சுற்றிப் பேரம் பேசும் மேசைகளிலும் கப்பல் நடத்தும் மேசைகளிலும் பெண்கள் இருக்கிறார்கள், சில மேசைகளுக்குத் தலைமை வகிப்பதும் அவர்கள்தான். விஸ்டா என்ற கப்பல் துறைப் பெண்களின் பன்னாட்டு அமைப்பு 1974 முதல் இயங்குகிறது, இந்தியாவிலும் அதற்குக் கிளை உண்டு. அதன் கூட்டங்களுக்கு ஒருமுறை போய்வாருங்கள், முடிந்தால் அம்மாவையும் யாரிடமாவது பேசவையுங்கள். ஆண்கள் மட்டுமே இருக்கும் அலுவலகங்கள் நம் துறைமுகங்களில் இன்னும் இருக்கின்றன என்பதையும், இரவில் கப்பலுக்குப் போகும் பணியில் பாதுகாப்பான வண்டியும் துணையும் கேட்பது உங்கள் உரிமை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மறுக்கும் அலுவலகத்தை மாற்றுங்கள், துறையை மாற்ற வேண்டாம்.

இனி வழி. ஏஜென்சியில் இன்னும் ஓராண்டு இருங்கள். ஆவண மேசையிலிருந்து கப்பலை நேரடியாகக் கவனிக்கும் பிரிவுக்கு மாற்றிக் கேளுங்கள். அதன் பிறகு மும்பை, குருகிராம், சென்னையில் ஆப்பரேஷன்ஸ் குழு வைத்திருக்கும் வெளிநாட்டுக் கப்பல் நிறுவனங்களுக்கு விண்ணப்பியுங்கள். லேடைம் கணக்குப் பிரிவில் ஆரம்பநிலை வேலை கிடைத்தாலும் தயங்காமல் சேருங்கள். அங்கே கப்பல்களை நடத்தத் தொடங்கிய பிறகு, தினமும் மாலையில் அன்று சந்தையில் வெளியான ஒரு சரக்கை எடுத்து, எந்தக் கப்பலில் எவ்வளவுக்கு ஏற்றலாம் என்று நீங்களாகவே கணக்குப் போட்டு, உங்கள் சார்ட்டரிங் சகாவிடம் காட்டுங்கள். முதலில் பொறுமையில்லாமல் பார்ப்பார். கணக்கு சந்தையோடு ஒத்துவரத் தொடங்கினால் அவரே வந்து கேட்பார். ஆப்பரேஷன்ஸிலிருந்து டிரேடிங்குக்கு மாறிய எனக்குத் தெரிந்த பலர் இப்படித்தான் மாறினார்கள், யாரும் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்ததாக நினைவில்லை. சிங்கப்பூர், துபாய், ஜெனீவா எல்லாம் அதற்குப் பிறகு நிறுவனமே உங்களை அனுப்பும் இடங்கள்.

பயிற்சி நிறுவனத்துக்கு முன்பணம் எதுவும் கட்டிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கட்டியிருந்தால் ரசீதோடு போய், சேரவில்லை என்று எழுதிக் கொடுத்து, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம். லேடைம் கணக்கு ஒன்றைப் போட்டு முடித்ததும், கப்பல் பெயரையும் நிறுவனப் பெயர்களையும் நீக்கிவிட்டு எனக்கு அனுப்புங்கள். திருத்தி அனுப்புகிறேன்.